ஒற்றை ஆளாக எஞ்சின் ஏற்றுவது: ஸ்டாண்டர்டு ஹெரால்டை முன்வைத்து ஒரு குறிப்பு

"எஞ்சினைத் தனியாளா ஏத்துனியா? அவ்வளவு தெம்பு இருக்கா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். தெம்புக்கும் இந்த வேலைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நூறு கிலோவைத் தாண்டும் வார்ப்பிரும்பை எந்தப் பயில்வானும் கையால் தூக்கப் போவதில்லை, செயின் பிளாக்தான் தூக்கும். தனியாளுக்கு உண்மையிலேயே இல்லாதது மூன்றாவது கை. ஒரு கை செயினை இழுக்கும்போது, இன்னொரு கை கியர்பாக்ஸின் வாலைப் பிடித்திருக்க, வேறொருவர் முன்னால் குனிந்து "கொஞ்சம் இடது, கொஞ்சம் மேல" என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் இல்லாமல் எப்படி முடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுதி வைக்க ஒரு காரணமும் இருக்கிறது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் ஹெரால்டு வண்டியில் கை வைத்துப் பழகிய மெக்கானிக்குகள் பெரும்பாலும் ஓய்வுபெற்றுவிட்டார்கள். ஓபிடி ஸ்கேனர் வைத்திருக்கும் இளைஞர்களிடம் இந்த வண்டியைக் கொண்டுபோனால் அன்பாகச் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கற்றுக்கொடுக்கிறவர் போனபின் யாரிடம் கற்பது? ரீபோர் முடிந்து தயாராக நிற்கும் என் எஞ்சினை நானே ஏற்ற வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

கோவென்ட்ரியில் ஒரு கம்பெனிக்கு வந்த நெருக்கடி

இந்த வேலை தனியாளுக்குச் சாத்தியமாவதற்கு முதல் காரணம் காரின் வடிவமைப்பு. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதை.

1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்குக் கார் பாடி செய்துகொடுத்த நிறுவனங்களில் ஒன்று ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-இல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழு பாடியையும் ஒரே கூடாக அழுத்தித் தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் பழைய வழிக்குத் திரும்பியது: அடியில் தனிச் சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்த பாடி. இத்தாலியின் ஜியோவானி மிக்கலாட்டி வரைந்த உருவத்தோடு 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு அதுதான்.

மற்ற கம்பெனிகள் எல்லாம் ஒரே கூடாக பாடி செய்யத் தொடங்கிய காலம் அது. அந்தக் கணக்கில் இது பின்னோக்கிய அடி. ஆனால் துண்டுகளாகப் பெட்டியில் கட்டி அனுப்பி வேறொரு நாட்டில் பூட்டுவதற்கு இதைவிட வசதியான கார் கிடையாது. சென்னை வண்டலூர் அருகே ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா (1948-இல் தொடங்கியது) 1961-லிருந்து இதை இங்கே தயாரித்தது. எங்கள் ஊர்க்காரர் காமராஜர் முதல்வராக இருந்த காலம் அது. பின்னால் வந்த மார்க் 3-இல் நான்கு கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இங்கிலாந்தில் எஞ்சின் 1147, 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போக, இங்கே கடைசிவரை 948 சி.சி.தான். போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ., நான்கு சிலிண்டர். 1972-இல் கெசல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்து, 1988-ஓடு அந்தக் கம்பெனியின் கார் கதையே முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாடி ஆலையை வாங்கிக்கொண்ட அதே பி.எம்.சி.யின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் நம்ம ஊர் அம்பாசடரின் மூலம். அம்பாசடரில் எஞ்சினை உயரத் தூக்கி, முன்பக்க கிரில்லைத் தாண்டி, பள்ளத்துக்குள் இறக்குவது போல இறக்க வேண்டும். ஹெரால்டில் பானெட், இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே மூக்காக முன்னால் கவிழும். அதையும் கழற்றி வைத்துவிட்டால் எஞ்சின் உட்காரும் இடம் மூன்று பக்கமும் திறந்த வெளி, சேசிஸ்மேல் தாம்பாளம் மாதிரி. கியர்பாக்ஸ் காருக்குள்ளே, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், அட்டை போன்ற ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது. அந்த மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் எஞ்சினைத் தொடாமலே கியர்பாக்ஸை உள்பக்கமாக எடுக்கலாம். ஒரு கம்பெனிக்கு வந்த நெருக்கடி அறுபது வருஷம் கழித்து எனக்கு வசதியாகிவிட்டது.

சேசிஸ் வண்டிக்கு எமன் துரு. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேரூன்ற உதவிய அதே வறண்ட காற்று இதற்கும் நல்லது. கடலோரத்தில் நின்ற ஹெரால்டுகளின் சேசிஸ் விரலால் குத்தினாலே உதிரும். கரிசல் பக்கம் நின்றவை இன்னும் எஞ்சின் தாங்குகின்றன. இருந்தாலும் ஏற்றுவதற்கு முன் மவுண்டிங் பிராக்கெட் இருக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, பொத்தென்று கேட்டால் துரு.

சேர்த்து ஏற்றுவதா, தனித்தனியாகவா?

இந்த வேலையில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை.

முதல் வழி: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தரையிலேயே பூட்டிவிட்டு ஒரே உருப்படியாக ஏற்றுவது. நிறைய பட்டறைகளில் இப்படித்தான் செய்வார்கள். இதில் கிளட்ச் பொருத்தம் சுலபம், ஏனென்றால் எல்லாம் கண்ணெதிரே தரையில் இருக்கிறது. ஆனால் அந்த நீளமான உருப்படி சமமாக உள்ளே போகாது. வாலைத் தாழ்த்தி, மூக்கைத் தூக்கி, செங்குத்தாகச் சாய்த்துக்கொண்டே இறக்க வேண்டும். இறங்க இறங்கச் சாய்வைக் குறைக்க வேண்டும். அப்போது ஒருவர் செயினிலும் இன்னொருவர் வாலிலும் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது வழி: எஞ்சினை மட்டும் முதலில் இறக்கி மவுண்டிங்கில் உட்காரவைத்து, பிறகு கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்து கொண்டுவந்து சேர்ப்பது. எஞ்சின் மட்டும் என்றால் கிட்டத்தட்ட மட்டமாகவே இறங்கிவிடும். கஷ்டம் முழுவதும் கடைசியில், கிளட்ச் பொருந்தும் இடத்தில் வரும்.

மொத்தக் கஷ்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அது வருகிற இடம்தான் வேறு. முதல் வழியின் கஷ்டத்தை இன்னொரு மனிதர்தான் தீர்க்க முடியும். இரண்டாவது வழியின் கஷ்டத்தை ஒரு மரக்கட்டையும் தலை அறுத்த இரண்டு போல்ட்டும் தீர்த்துவிடும். தனியாளாக எந்த வேலை செய்தாலும் எனக்கு இதுதான் விதி: எந்தக் கஷ்டத்துக்கு ஆளுக்குப் பதில் கருவியை வைக்க முடியுமோ, அந்தக் கஷ்டத்தைத் தேர்ந்தெடு.

எஞ்சின் அசையாது, கார் நகரும்

எங்கள் பக்கம் போர்வெல் மோட்டார் தூக்க இரும்புக் குழாய் முக்காலி வைத்திருப்பார்கள். நாள் வாடகைக்கே கிடைக்கும். அதன் உச்சியில் ஒரு டன் செயின் பிளாக். வீட்டுக் கூரையில் இருக்கும் ஊஞ்சல் கொக்கியையோ ஃபேன் கொக்கியையோ இதற்கு நினைத்தே பார்க்க வேண்டாம். முக்காலியின் மூன்று காலையும் தரையில் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். கனம் ஏறும்போது கால் அகல முயலும், சங்கிலிதான் அதைத் தடுக்கும்.

செயின் பிளாக் தனியாளுக்கு ஏன் தோழன்? ஒரு மீட்டர் செயினை இழுத்தால் சுமை சில சென்டிமீட்டர்தான் உயரும். இழுக்கும் தூரத்தை இழந்து பலத்தைப் பெறுகிறோம், பள்ளிக்கூடத்துக் கப்பிப் பாடம்தான். ஆனால் அந்த "சில சென்டிமீட்டர்" இன்னொரு வரமும் தருகிறது: மில்லிமீட்டர் கணக்கில் இறக்கலாம். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் பிரேக். கையை விட்டாலும் சுமை அங்கேயே நிற்கும். செயினை விட்டுவிட்டு, நடந்து போய், குனிந்து பார்த்து, திரும்பி வந்து இரண்டு கண்ணி இறக்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்கிற வேலையை ஒருவர் மாறி மாறிச் செய்ய முடிவது இந்தப் பிரேக்கால்தான்.

முக்காலி நகராது. அதனால் எஞ்சினை உயரத்தில் நிறுத்திவிட்டுக் காரைத் தள்ளி அதன் அடியில் கொண்டுவர வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், மூக்கு எதுவும் இல்லாத ஹெரால்டு சமதரையில் ஒருவர் தள்ளினாலே நகரும். இடத்துக்கு வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் கட்டை. பிறகு மெதுவாக இறக்கி இரண்டு பக்க ரப்பர் மவுண்டிங்கிலும் போல்ட்டை நுழைத்து, நட்டை விரலால் மட்டும் சுற்றிவிட வேண்டும். இப்போதே இறுக்கினால் பின்னால் கியர்பாக்ஸுக்காக ஆட்ட இடம் இருக்காது. எஞ்சினின் பின்பக்கத்தை ஆயில் சேம்பருக்கு அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கியால் தாங்க வேண்டும். பலகை இல்லாமல் ஜாக்கியின் தலையை நேராக வைத்தால் சேம்பர் தகடு உள்ளே குழிந்துவிடும்.

மூக்கைக் கழற்றும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது கனம் இல்லை, ஆனால் அகலம். தனியாகத் தூக்கினால் பெயிண்ட் போகும்.

நடு மையம்

இனி வேலையின் இதயம். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே, அது தொங்கும்போதோ தரையில் இருக்கும்போதோ, கிளட்ச்சைப் பூட்டிவிட வேண்டும்.

கிளட்ச் ஒரு சாண்ட்விச். ஒரு பக்கம் ஃப்ளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட், நடுவில் கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை இறுக்கியதும் நடுவில் இருக்கும் பிளேட் அப்படியே கவ்வப்பட்டு நின்றுவிடும். அதன் நடுவில் பல்வரிசை உள்ள ஓட்டை ஒன்று. கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு அந்தப் பல்வரிசைக்குள் நுழைந்து, அதையும் தாண்டி, தன் மெல்லிய மூக்கை கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்ன பைலட் புஷ்ஷுக்குள் செருக வேண்டும். இரண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் தண்டு நுழையாது. பிளேட்டோ கவ்வப்பட்டிருக்கிறது, நகராது. பொருத்தத்தை இறுக்குவதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

அதற்குக் கருவி, கியர்பாக்ஸ் தண்டுக்குப் பதிலாக ஒரு போலித் தண்டு. சிவகாசியில் அச்சு இயந்திரங்களுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் நிறைய உண்டு. எந்தப் பட்டறையிலும் பத்து நிமிட வேலை இது: கெட்டியான மரத்திலோ நைலானிலோ இரண்டு அளவில் ஒரு தடி. முனை பைலட் புஷ்ஷுக்குச் சரியாக, பின்பகுதி பிளேட்டின் பல்வரிசைக்குச் சரியாக. அளவைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் உங்கள் வண்டியின் புஷ்ஷிலிருந்தும் பிளேட்டிலிருந்தும் வெர்னியர் வைத்து எடுங்கள்.

பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பார்த்து வையுங்கள். பல புதுப் பிளேட்டுகளில் அச்சடித்தே இருக்கும். தடியைச் செருகி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் மூடி வளையும். எல்லாம் முடிந்ததும் தடியை உருவிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போல வந்து, திரும்பவும் அப்படியே நுழைந்தால் பொருத்தம் சரி. இழுத்துப் பிடித்தால் மறுபடி தளர்த்திச் செய்யுங்கள். இங்கே பொறுமையாகச் செலவழிக்கும் அரைமணி நேரம், பின்னால் காருக்குள் முதுகை ஒடித்துக்கொள்ளும் அரைநாளை மிச்சப்படுத்தும்.

கியர்பாக்ஸ் வருகிறது

முன்சீட்டுகள், நடு மூடி, டேஷ்போர்டைத் தாங்கும் பிராக்கெட், எல்லாம் வெளியே. கியர்பாக்ஸை ஒருவர் மடியில் வைத்துத் தூக்கிவிடலாம். ஆனால் தூக்கிப் பிடித்துக்கொண்டே மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த முடியாது. அதற்குத்தான் தலை அறுத்த போல்ட். பெல் ஹவுசிங் எஞ்சினோடு சேரும் இடத்தில் மேலே இரண்டு ஓட்டைகளில் நீளமான இரண்டு தண்டுகளைப் பூட்டி, முனையில் ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு கீறி வைக்க வேண்டும். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற அந்தக் கோடு உதவும். கியர்பாக்ஸின் ஓட்டைகளை இந்தத் தண்டுகளில் மாட்டியதும் மேல் பாரம் தண்டுகளுக்குப் போய்விடும். வாலுக்கு அடியில் கட்டை. இப்போது உங்கள் இரண்டு கையும் காலி. மூன்றாவது கை இதுதான்.

அடுத்தது கோணம். பெல் ஹவுசிங் முகத்தின் உயரம் 300 மி.மீ. என்றும், தண்டின் மூக்கு அந்த முகத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றும் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் உள்ள இடைவெளியில் வெறும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் மூக்கு அரை மி.மீ. விலகியிருக்கும். பைலட் புஷ்ஷுக்கும் மூக்குக்கும் நடுவே அவ்வளவு இடமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு வழியை மறிக்கிறது. எனவே ஒரே டிரில் பிட்டை மேலேயும் கீழேயும் செருகிப் பார்த்து, சேம்பருக்கு அடியில் இருக்கும் ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி இரண்டையும் சமமாக்குங்கள்.

தள்ளும்போது எங்கே நிற்கிறது என்பதே ஒரு தகவல். நிறைய இடைவெளி மிச்சமிருக்கும்போது நின்றால் பல்வரிசை முட்டுகிறது. கியர்பாக்ஸை டாப் கியரில் போட்டு, பின்னால் இருக்கும் ஃபிளாஞ்சைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். டாப் கியர் நேரடி இணைப்பு, அதனால் பின்னால் திருப்பிய அளவே முன்தண்டும் திரும்பும். ஒரு கட்டத்தில் பல் பல்லுக்குள் விழும். கடைசிக் கொஞ்சத்தில் நின்றால் மூக்கு புஷ்ஷைத் தேடுகிறது, கோணத்தைத் திரும்பப் பாருங்கள்.

செய்யவே கூடாதவை இரண்டு. ஒன்று, மிச்ச இடைவெளியைப் போல்ட்டை இறுக்கி இழுத்து மூடுவது. ஹவுசிங்கின் காது உடையும், இல்லையென்றால் புஷ் பிதுங்கும். இரண்டு, பாதி நுழைந்த கியர்பாக்ஸை அப்படியே தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவது. முழுப் பாரமும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கும். பிளேட் வளைந்தால் ஒவ்வொரு தடவை கிளட்ச் விடும்போதும் வண்டி உதறும். அது தெரியவரும்போது எல்லாவற்றையும் பூட்டி முடித்திருப்பீர்கள். தலை அறுத்த போல்ட்டுகள் இந்த இரண்டாவது ஆபத்திலிருந்தும் காக்கின்றன.

முகமும் முகமும் கையழுத்தத்திலேயே ஒட்டினால்தான் மற்ற போல்ட்டுகளைப் போட வேண்டும். அதற்குப் பிறகே முன் மவுண்டிங், பின் மவுண்டிங் இரண்டையும் முழுதாக இறுக்குவது.

ஸ்டார்ட் பண்ணும் முன்

ப்ரொபெல்லர் ஷாஃப்ட், சைலன்சர் பைப், கார்பரேட்டர் கேபிள், ரேடியேட்டர் எல்லாம் வழக்கமான வேலை. மூன்று விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரம் கடத்தாது. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள பட்டையைப் பூட்டவில்லை என்றால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் திரும்பிப்போக வேறு இரும்பைத் தேடும். கிடைப்பது சோக் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும்தான். அவை சிவக்கச் சூடாகும், பக்கத்திலேயே பெட்ரோல். பட்டாசு ஆலைகளில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போகும் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. எர்த் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாட்டரி வயரைக் கடைசியாகத்தான் மாட்ட வேண்டும்.

இரண்டாவது, கிளட்ச் ஹைட்ராலிக்கில் ஏர் எடுப்பது. இதுவும் இரண்டு ஆள் வேலை என்பார்கள். நீளமான ட்யூபை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஃப்ளூயிட் உள்ள பாட்டிலில் மூழ்கவைத்துவிட்டால், பெடலை விடும்போது காற்றுக்குப் பதில் ஃப்ளூயிட்தான் பின்னால் வரும். நீங்களே மெதுவாக மிதித்து எடுக்கலாம். மேலே டப்பா வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஃப்ளூயிட் பெயிண்ட்டைத் தின்னும், துணி போட்டு மூடுங்கள்.

மூன்றாவது ஆயில். புதிதாகக் கட்டிய எஞ்சினின் பேரிங்குகள் கட்டும்போது தடவிய எண்ணெயோடுதான் இருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை செல்ஃபைச் சின்னச் சின்ன இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். கம்ப்ரெஷன் இல்லாததால் பேரிங் மேல் பாரம் இல்லாமல் ஆயில் போய்ச் சேரும். கியர்பாக்ஸுக்கும் ஆயில் ஊற்றியாகிவிட்டதா என்று மூடியை ஸ்க்ரூ போட்டு மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

தனியாள் என்றால்

தனியாகச் செய்வது வேறு, யாருக்கும் தெரியாமல் செய்வது வேறு. சுமை தொங்கும் நேரத்தில் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், போன் சட்டைப் பையில் இருக்க வேண்டும். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

இன்றைய காரில் இதே வேலையை யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே சட்டமாகக் கீழ்வழியாக இறங்கும், அதற்கு லிஃப்ட் வேண்டும். ஆலையில் சீக்கிரம் பூட்ட அது நல்ல வழி. வீட்டு வாசலில் பழுது பார்ப்பவரை மனதில் வைத்து யாரும் அதை வரையவில்லை. ஹெரால்டையும் அப்படி மனதில் வைத்து வரையவில்லை, வேறு வழியில்லாமல்தான் துண்டு துண்டாகச் செய்தார்கள். ஆனால் பிரிக்க முடிகிற பொருளைத்தான் பழுது பார்க்க முடியும். வண்டலூர் ஆலை கார் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகியும் அங்கே செய்த கார்கள் இன்னும் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் ஹெரால்டு பார்த்த மூத்த மெக்கானிக் யாராவது இருந்தால் இந்தக் குறிப்பைப் படித்துக் காட்டுங்கள். அவர் "இதை இப்படிப் பண்ணக் கூடாதுப்பா" என்று தொடங்கினால் உடனே ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.